வெயிலில் போட்ட நாற்காலி

பட்டாபிராமில் நாங்கள் குடிவந்தபோது வீட்டின் பின்பக்கம் முழுக்க ஜல்லியும் காய்ந்த மண்ணும்தான். ஒரு சாயங்காலம், வெயில் இன்னும் தணியாத நேரத்தில், மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் செடி விற்றுக்கொண்டு போனவரைக் கூப்பிட்டேன். ஒல்லியான மனிதர், தலையில் ஈரத் துண்டு.

நான் ஒரு ரோஜாவை எடுத்தேன். அவர் அதை வாங்கித் திரும்ப வண்டியிலேயே வைத்துவிட்டார்.

"செடி எங்கியும் போவாது சார். மொதல்ல ஒரு சேரு எத்துக்கினு வா."

நாற்காலியை நாலைந்து இடத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஓரிடம் பிடித்துப்போனது. அங்கிருந்து மேற்கே சில அடி தள்ளிக் குழி வெட்டி, ஒரு புங்கங்கன்றை நட்டார்.

"அரிசி கழுவுன தண்ணிய ஊத்து. சேர மட்டும் நவுத்தாத."

"வெயில்ல நாற்காலி எதுக்குங்க?"

"நெழலு வந்து தேடும்ல சார்."

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். வெட்கப்பட்டு நாற்காலியை உள்ளே போட்டேன். மறுவாரம் கன்றைப் பார்க்க வந்த செடிக்காரர், நாற்காலியை வெளியே எடுத்து வந்து பழைய இடத்தில் போட்டார்.

நாலு வருஷமாகிறது. மாலை நான்கு மணிக்கு நிழல் சரியாக நாற்காலி மேல் விழுகிறது. நான் டீயோடு போவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அதில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

செடிக்காரர் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. கன்றை நட்ட அன்று நான் கொடுத்த டீயை, அந்தக் கொதிக்கிற வெயிலில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலை நீட்டி நிதானமாகக் குடித்தார். அவருக்கு மட்டும் அப்போதே நிழல் வந்துவிட்டிருந்தது.