தேயாமல் வைத்திருந்த டயர்கள்

பெத்தணன் தன் வண்டியிலிருந்து மூன்று டயர்களையும் கழற்றிச் சாக்கில் கட்டி, காலை பஸ்ஸின் தலையில் போட்டுக்கொண்டு விருதுநகருக்கு வந்து சேர்ந்தார். அது 1961ஆம் வருஷம், தை மாதக் கடைசி. தங்கச்சாமி அண்ணாச்சியின் டயர் கடையில் பாதிக்கு மேல் லாரி டயர்கள்தான். அவற்றின் நடுவே அண்ணாச்சி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க மில்ட்ரி. என்ன, தேர்ச் சக்கரத்தைக் கழட்டிட்டு வந்துட்டீகளா?”

பெத்தணனை எல்லாரும் மில்ட்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். யுத்த காலத்தில் பர்மாப் பக்கம் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். திரும்பி வந்தவர், பட்டாளம் ஏலம் விட்ட பழைய வண்டி ஒன்றை மதுரையில் எடுத்தார். பக்கத்தில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும்படி தகரத் தொட்டி பொருத்திய வண்டி. தொட்டிக்கு ஒரு சக்கரம் தனி. அதனால்தான் மூன்று டயர்.

அண்ணாச்சி ஒரு டயரை எடுத்து உருட்டி, மேல்பக்கத்து ரப்பர்ப் பட்டன்களைத் தடவிப் பார்த்தார்.

“பட்டன் எல்லாம் புதுசாட்டம் நிக்குதே. தரையில பட்ட தடமே காணோம். எதுக்கு மாத்தணுங்கீக?”

“கன்னத்தைப் பாருங்க அண்ணாச்சி.”

டயரின் பக்கவாட்டு முழுக்கக் கோடை காலத்துக் கண்மாய் மாதிரி வெடித்திருந்தது. அண்ணாச்சி விரலால் அழுத்தினார். பொருக்குப் பொருக்காக ரப்பர் உதிர்ந்தது.

“வருசத்துக்கு எம்புட்டு ஓட்டுவீக?”

“நாலு தடவை. சில வருசம் மூணு.”

“அதான். ஓடுற டயரு தேஞ்சு சாகும், நிக்கிற டயரு காஞ்சு சாகும். நீங்க தேயக்கூடாதுன்னு வச்சிருந்தீக, அது காஞ்சு போச்சு.”

அண்ணாச்சி உள்ளே போய் ரெண்டு டயர்களைக் கொண்டுவந்து போட்டார். ஒன்று, மேல்பட்டை ஒட்டிப் புதுப்பித்தது. விலை மலிவு. இன்னொன்று பட்டாளத்துக் கிடங்குச் சரக்கு. ஒரு நாளும் ஓடாதது, பட்டன் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். பெத்தணன் கண் அதன்மேலேயே நின்றது.

“எனக்கு இது நல்ல யாவாரம்தான். ஆனா நகத்தை வச்சு அமுக்கிப் பாருங்க” என்றார் அண்ணாச்சி.

நகம் இறங்கவில்லை. கல் மாதிரி இருந்தது.

“பன்னெண்டு வருசச் சரக்கு. ஒங்க டயருக்கு அண்ணன். எப்பவாச்சும் ஓடுற வண்டிக்குப் பட்டனைப் பாக்கக்கூடாது, வயசைப் பாக்கணும். மெட்ராஸ்ல இருந்து போன வாரம் புது லோடு வந்துச்சு. பேரு பெரிய பேரு இல்ல, பட்டனும் சன்னம்தான். ஆனா ரப்பரு காயாம பச்சையா இருக்கும். விலையும் கட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் அதைப் போட்டுக்கிடுங்க. தொட்டிச் சக்கரம் சும்மா கூட ஓடுறதுதானே, அதுக்கு ஒட்டுப் போட்டதே போதும்.”

பெத்தணன் ஒட்டுப் போட்ட டயரை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, “எம் மக உக்காரப்போறது அந்தச் சக்கரத்து மேலதான் அண்ணாச்சி. மூணும் புதுசே கொடுங்க” என்றார்.

“மகளுக்கு என்ன?”

“தலைப்பிரசவம். வீட்டுக்குக் கூட்டியாந்திருக்கோம். பங்குனியில.”

அண்ணாச்சி மெட்ராஸ் டயர் மூன்றை எடுத்து வந்தார். டயர்களைக் கட்டிக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னார். “வாரத்துக்கு ஒருக்கா சந்தைக்காவது ஓட்டிட்டுப் போங்க, மில்ட்ரி. நிக்க வச்சுக் கொன்னுறாதீக.”

பெத்தணன் தலையாட்டினார். ஆனால் ஓட்டுவதாக அவருக்கு எண்ணம் இல்லை. அவர் ஊர் தாயில்பட்டிக்குக் கிழக்கே, பருத்தியும் கம்பும் விளைகிற கரிசல் காட்டுக்குள் இருந்தது. சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் பத்து மைல். பகலில் ரெண்டு பஸ், அதுவும் மெயின் ரோட்டோடு சரி. நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்தில் பட்டாசு செய்கிற ஆபீஸில் வெடிமருந்து தீப்பற்றி, ஒரு பெண்பிள்ளை வெந்துபோனாள். அவளைத் தொட்டியில் வாழை இலை விரித்து வைத்துக் கொண்டுபோனவர் பெத்தணன்தான். அன்றைக்குப் பாதி வழியில் டியூப் வெடித்து, பஞ்சர் ஒட்டுகிற வரைக்கும் அவள் அழுதது அவர் காதை விட்டுப் போகவில்லை. அப்போதே மூன்று டயரையும் புதிதாகப் போட்டு, ஒரு முடிவும் செய்துவிட்டார். இனி இந்த வண்டி உயிர் காக்க மட்டும்தான். டயரை வேறெதற்கும் தேய்க்கக்கூடாது.

அவர் மனைவி செல்லத்தாய் ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்குக் கேட்டாள். “நடந்து போறதுதான் நேர்த்தி” என்று சொல்லிவிட்டார். மகள் பஞ்சம்மாள் கல்யாணம் முடிந்து மறுவீடு போகும்போது, “ஐயா, ஒரே ஒரு தடவை அந்தத் தொட்டியில” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். “டயர் தேயும் தாயி” என்று அவரும் சிரித்துக்கொண்டே மறுத்தார்.

பாம்பு கடித்தவர், அரளி விதை தின்ற பிள்ளை, பனையிலிருந்து விழுந்தவர் என்று யார் வந்து நின்றாலும் வண்டி கிளம்பும். அதில் பிழைத்தவர்கள்தான் அதிகம். ஆனால் அவர்கள் எல்லாரும் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, உடம்பு தேறி, பஸ்ஸில் சத்தமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தார்கள். பிழைக்காதவர்கள் அன்றைக்கே, அதே தொட்டியில், வேட்டி மூடி, தெரு முழுக்கச் சத்தம் கேட்கத் திரும்பி வந்தார்கள். ஊர் பார்த்தது அவர்களை மட்டும்தான். மோட்டார் சத்தம் கேட்டால் பெண்கள் உலக்கையைப் போட்டுவிட்டு, யார் சாவோ என்று பதறி வாசலுக்கு வருவார்கள். பெத்தணனுக்கு இது தெரியாது. வண்டிமேல் இருக்கிறவன் காதில் தெருப் பேச்சு விழாது.

புது டயர் போட்டபின், தரைச் சூடு படாமல் வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தார். டயரில் புது ரப்பருக்கே உரிய மெல்லிய முள்முடிகள் சிலிர்த்து நின்றன. பஞ்சம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கத்தில் நடப்பவள் மாதிரிப் போகிறாள், மாசம் ஏறிய களைப்பு என்று அவர் நினைத்தார்.

பங்குனி முதல் வாரம், ஒரு உச்சிப் பொழுதில் வலி கண்டது. மருத்துவச்சி முருகம்மாள் உள்ளே போய் ஒரு நாழிகையில் வெளியே வந்தாள்.

“பிள்ளை குறுக்க நிக்கி. என் கையில ஆகாது. சிவகாசிக்குக் கொண்டுக்கிட்டு ஓடுங்க.”

பெத்தணன் வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, ஒரே உதையில் கிளப்பினார். அவர் மனசில் அப்போதும் ஒரு தைரியம் இருந்தது. மூன்றும் புது டயர். இருபத்தைந்து நிமிஷத்தில் போய்விடலாம். தொட்டியில் தலையணை அடுக்கினார். தெருவெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. யாரோ ஒருத்தி, “ஐயையோ, பஞ்சம்மாளுக்கா?” என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

பஞ்சம்மாள் நிலைப்படியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, அதுல மாட்டேன்.”

“தாயி, புது டயரு. அலுங்காமப் போயிரும்.”

“அதுல போன யாரு திரும்பி வந்தா? என்னைய அதுல ஏத்தாதீக. ஒங்க கால்ல விழுறேன் ஐயா.”

செல்லத்தாய் கெஞ்சினாள், முருகம்மாள் அதட்டினாள். தூக்கி வைக்கப் போனால் உடம்பை முறுக்கிக்கொண்டு அலறினாள். கடைசியில் பக்கத்து வீட்டுச் சோலைமலையின் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். பெத்தணன் மோட்டாரை மெதுவாகப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். மனசு மாறினால் ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா? காலித் தொட்டி குலுங்கிக்கொண்டே வந்தது. ஒரு மைல் போய், கண்மாய்க் கரை தாண்டுமுன், வண்டிக்குள்ளிருந்து, “அந்தச் சத்தத்தை நிப்பாட்டச் சொல்லும்மா” என்று பஞ்சம்மாள் அழுதாள். அவர் நிறுத்தினார். ஒரு கருவேல மரத்தடியில் மோட்டாரை விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடுகளின் பின்னால் நடந்தார்.

நாலாவது மைல் கல்லில் அவள் கத்துவது நின்றுபோனது. செல்லத்தாய் கூப்பிட்டாள். அவர் எட்டிப் பார்த்தார். மகள் முகம் வெளுத்திருந்தது.

“சரிங்கய்யா” என்றாள். “கொண்டாங்க.”

பெத்தணன் மூன்று மைல் திரும்பி ஓடினார். வெயிலில், செருப்பில்லாமல், ஐம்பது வயசில். வண்டியை எடுத்து வந்து, அவளைத் தொட்டியில் வைத்து, செல்லத்தாயைப் பின்னால் ஏற்றிப் பறந்தார். டயர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு கல்லிலும் வழுக்கவில்லை, ஒரு பள்ளத்திலும் துள்ளவில்லை. மிச்சம் ஆறு மைலும் கால் மணி நேரம்தான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண். அது பிழைத்தது. பஞ்சம்மாள் விளக்கேற்றும் நேரத்தில் போய்விட்டாள்.

“ஏன் இம்புட்டு நேரம்? வண்டி கிடைக்கலையா?” என்று நர்ஸம்மா மெல்லக் கேட்டார்.

பெத்தணன் வாசலில் நின்ற மோட்டாரைப் பார்த்தார்.

சோலைமலையின் வண்டி அப்போதுதான் வந்து சேர்ந்தது. மகளை அதில்தான் ஊருக்குக் கொண்டுபோனார். தொட்டியில் வைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் செல்லத்தாய் ஒரே ஒரு முறை வாய் திறந்தாள். “நான் கோயிலுக்குக் கேட்டேன். அவ மறுவீட்டுக்குக் கேட்டா. சிரிச்சுக்கிட்டு ஒருக்கா ஏறி எறங்கியிருந்தா அவளுக்கு இந்தப் பயமே வந்திருக்காது.”

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து மறுபடி கட்டைமேல் ஏற்றியிருந்த மோட்டாரைக் கீழே இறக்கினார். தெருவே வாசலுக்கு வந்து நின்றது.

“யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல. கருப்பட்டி வாங்கப் போறேன்.”

அடுத்த நாள் மண்ணெண்ணெய்க்குப் போனார். அதற்கடுத்த நாள் ஒன்றுக்குமே இல்லை. தொட்டியில் விறகுக்குப் பருத்திமார் ஏற்றினார், ஆட்டுக்குட்டி ஏற்றினார். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பிள்ளைகள்தான் முதலில் ஏறின. பிறகு சோலைமலையின் பெண்டாட்டி, வாரச் சந்தைக் கூடையோடு. ஆடி கடைசி வெள்ளிக்குச் செல்லத்தாய் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கன்குடி போனாள். போகும்போதும் வரும்போதும் அவள் அழுதுகொண்டே இருந்தாள். ஆனால் இறங்கவில்லை.

1963 கார்த்திகையில் பெத்தணன் மறுபடியும் விருதுநகர் வந்தார். இந்தத் தடவை பஸ்ஸில் இல்லை, வண்டியிலேயே. தங்கச்சாமி அண்ணாச்சி கடையிலிருந்து இறங்கி வந்து, சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“அட, மில்ட்ரி! மூணும் மொட்டை. நூலே தெரியுது. எங்கன ஓட்டுனீக?”

“சந்தைக்கு. திருவிழாவுக்கு. சும்மா.”

“இப்பத்தான் டயரு டயராப் பொழைச்சிருக்கு. அன்னைக்கே சொன்னேன்ல? அது கெடக்கட்டும், மகளுக்குப் பிரசவம்னீகளே, சுகமா இருக்காளா?”

பெத்தணன் குனிந்து தொட்டியிலிருந்து பேத்தியைத் தூக்கினார். அவள் இறங்க மாட்டேன் என்று தகரத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இது அவ மக” என்றார். “அதே டயரு மூணு கொடுங்க அண்ணாச்சி.”