பௌர்ணமிக்குக் காணாமல் போகும் மாப்பிள்ளை

என் அம்மாவைப் பொறுத்தவரை ஆங்கிலத்தில் அச்சடித்த எதுவும் பரீட்சைப் புத்தகம்தான். அந்த ஒரு நம்பிக்கையின் தயவில், கல்லூரி முடித்த பிறகு இரண்டு வருடம் நான் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே, எல்லோர் கண்ணெதிரிலும், ஓநாய்க் காதல் கதைகள் படித்தேன். இரண்டாயிரம் பிறந்த புதிது. அப்பா தறியில் உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்தில் ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குழலில் சுற்றுவேன், மடியில் புத்தகம் விரிந்திருக்கும். பக்கம் திருப்ப மட்டும் ராட்டை நிற்கும். கதை சூடுபிடிக்கும் இடங்களில் பட்டு நூல் அடிக்கடி அறுந்தது. "பேங்க் பரீட்சைக்குப் படிச்சிகினு இருக்கா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்ததால், பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்துவைத்தார்கள்.

புத்தகம் கொண்டுவருபவள் என் தோழி. கோயில் தெரு கிறிஸ்தவ வாத்தியாரின் மகள், வேலூரில் விடுதியில் தங்கி பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பழைய புத்தகக் கடையில் பொறுக்கி எடுத்து சனி, ஞாயிறில் பஸ்ஸேற்றிக் கொண்டுவருவாள். அட்டைகளில் சட்டை போடாத ஆள் ஒருவன் முறைத்துக்கொண்டு நிற்பான், பின்னால் முழு நிலா. அதன்மேல் முருகன் காலண்டர் தாளைப் போட்டு மூடிவிடுவேன். முருகனும் சட்டை போடவில்லைதான், ஆனால் அவரை யார் கேட்கப்போகிறார்கள்?

எல்லாப் புத்தகத்திலும் கதை ஒன்றே. சிறுவயதில் அவனை ஏதோ கடித்திருக்கும். கையெல்லாம் ரோமம், அதிகம் பேசமாட்டான். பௌர்ணமியானால் ஆளைக் காணோம். ஆனால் அவளுடைய வாசனையை வைத்தே, இவள்தான் எனக்கானவள் என்று கண்டுபிடித்துவிடுவான். தரகர் கிடையாது, ஜாதகம் கிடையாது, எத்தனை பவுன் என்ற பேச்சு கிடையாது. மோந்து பார்த்தால் முடிந்தது. எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வந்து போன மாப்பிள்ளைகள் எல்லோரும் லோன் வாங்கி பவர்லூம் போடுவதைப் பற்றியே பேசினார்கள். அவர்களில் ஒருவராவது என்னை மோந்து பார்ப்பார் என்று தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையனுக்கு அரிசி ஆலையில் கணக்கு வேலை. எங்கள் ஜோசியர் வீட்டுக்கே வந்து, கூடத்தில் பாயில் உட்கார்ந்து இரண்டு ஜாதகத்தையும் விரித்தார்.

"மத்ததெல்லாம் ஒரு மாதிரி ஒட்டி வருதுங்க. ஒண்ணுதான் இடிக்குது" என்றவர் குரலைத் தாழ்த்தினார். அந்தப் பொருத்தத்தின் பெயர் அப்படி, பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் உரக்கச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு, புருஷன் மிருகமும் பெண்டாட்டி மிருகமும் பகையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். "பொண்ணு அனுஷம், மான். பையன் திருவாதிரை, நாய். மானும் நாயும் ஜென்மப் பகைங்க. வேணாம்."

என் ராட்டையில் நூல் அறுந்தது. ஜோசியத்தில் யானை உண்டு, பாம்பு உண்டு, எலியும் எருமையும்கூட உண்டு, ஓநாய் மட்டும் கிடையாது. இருப்பவற்றில் ஓநாய்க்கு நெருங்கிய சொந்தம் நாய்தான். இதைவிடப் பக்கத்தில் ஒன்று ஆரணி தாலுக்காவுக்குள் எனக்குக் கிடைக்குமா?

ஜாதகம் கொண்டுவந்த தரகர் அம்மா விடவில்லை. "தங்கமான பையன்ங்க. மாசம் தவறாம பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போயிடுவான். மறுநாள்தான் வூட்டுக்கு வருவான். வந்தா யார்கிட்டயும் பேசமாட்டான், வயிறு முட்ட சாப்ட்டு தூங்கிடுவான்."

பௌர்ணமியன்று எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது, பாதி ஊர் கிரிவலம் போகும். அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் என் மனசு இவரை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்க மறுத்தது.

தோழி வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் வைத்தேன். அவள் ஆசிரியைக்குப் படிப்பவள் அல்லவா, முறையாக விசாரித்தாள்.

"கையைப் பார்த்தியாடி?"

"போட்டோல முழுக்கை சட்டைடி."

"இந்த வெயில்ல முழுக்கையா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "மறைக்கிறாங்க."

அப்பா ஜாதகத்தைத் திருப்பி அனுப்பக் கிளம்பினார். நான் ராட்டையை நிறுத்திவிட்டு, இந்த வரன் எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். எங்கள் வீட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் இப்படிச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "மாசாமாசம் கிரிவலம் போறாராமேப்பா. பக்தி இருக்கு" என்றேன்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகூடக் கோயிலுக்கு வராத மகள். உருகிப்போனவர் சந்தவாசலில் இன்னொரு ஜோசியரைத் தேடிப் போனார். அவர் ரொம்ப இளகிய மனசுக்காரர், பரிகாரம் ஒன்று சொன்னார். பெண் வீட்டு ஊரில், பைரவர் சந்நிதிக்கு எதிரில், பையன் தன் கையாலேயே, மூன்று சனிக்கிழமை நாய்க்குத் தீனி கொடுத்தால் மிருகப் பகை தீர்ந்துவிடுமாம். செலவில்லாத பரிகாரம் என்று அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

ஆனால் சேத்துப்பட்டிலிருந்து வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. தரகர் அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பையன் மாட்டேன்றானுங்க. சின்ன வயசுல நாய் கடிச்சி, தொப்புள சுத்தி ஊசி போட்டாங்களாம். அதுலேர்ந்து எதிர்ல நாய் வந்தா அடுத்த தெரு வழியா போயிடுவானாம். ஒரே பேஜாரா போச்சுங்க."

கடித்திருக்கிறது! ஒரு நிமிஷம் நெஞ்சு குதித்தது. மறுநிமிஷம்தான் மிச்சத்தைக் கேட்டேன். நாயைப் பார்த்துப் பயப்படும் ஓநாய். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேரில் பார்க்காத ஒரு மனிதர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "வுடும்மா, வேற பாக்கலாம்" என்றார் அப்பா. சரி என்றேன். பாதியில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்தால் அதுவும் ருசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அப்பா வேகமாக உள்ளே வந்து, "ஜல்தி வா, அந்தப் பையன் கோயிலாண்ட நிக்கறான்" என்றார்.

தரகர் அம்மா சேத்துப்பட்டுக்குப் போய் அந்தப் பையனிடம், பொண்ணே உன்னைத்தான் கேட்டுதாம் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை போன வீடுகளெல்லாம் ஏதாவது ஒரு பொருத்தம் இல்லை என்று சொல்லித் தட்டிவிட்ட ஜாதகம் அது. அவர்தான் வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நான்தானாம். முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

நாங்கள் போனபோது பைரவருக்கு எதிரே அவர் நின்றிருந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்திருந்தார். என் தோழி சொன்னது சரிதான், நல்ல ரோமம். அந்தக் கையில் டீக்கடையில் வாங்கிய ஒரு பொறை ரொட்டி. எதிரே எங்கள் தெருச் செவலை, குரைக்கவே மறந்துபோன கிழட்டு நாய். அவருக்கு அது தெரியாதே. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். செவலைக்கு அவசரமே இல்லை. பொறையை விட்டுவிட்டு முதலில் அவர் விரல்களை, உள்ளங்கையை, மணிக்கட்டை நிதானமாக மோந்து பார்த்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. செவலை பொறையை வாங்கித் தின்று முடிக்கும் வரை அப்படியே நின்றார்.

நான் படித்த ஓநாய்கள் காதலிக்காக மலையிலிருந்து குதித்திருக்கிறார்கள், எதிரிகளைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவனும் இவ்வளவு பயந்துகொண்டே எதையும் செய்ததில்லை. எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துப்போயிற்று. இந்தத் தடவை நிஜமாகவே பிடித்தது.

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். "கடிக்காதுங்களா?" என்றார்.

"கடிக்காதுங்க."

"இன்னும் ரெண்டு வாரம் வரணும்ங்க" என்று சொல்லிவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்த முதல் பௌர்ணமிக்கு என்னையும் கிரிவலத்துக்குக் கூட்டிப்போனார். பொழுது சாய்கிற நேரம், தார் ரோட்டில் கால் சுட்டது. வழியில் வந்த இரண்டு நாய்களை நான்தான் அதட்டித் துரத்தினேன். மூன்றாவது லிங்கம் தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"பக்தி இருக்குன்னுதான் நீ என்னைக் கேட்டதா உங்கப்பா சொன்னாரு. நீ ஒரு லிங்கத்துக்கும் கை எடுத்துக் கும்பிடலயே. நிஜமா இன்னாத்துக்குக் கேட்ட?"

மறைக்க முடியவில்லை. முருகன் தாளுக்குள் இருந்தவனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த லிங்கம் வந்ததும் அவர் நின்று கும்பிட்டார்.

பிறகு, "அந்தப் பையனைக் கடிச்சதுக்கு ஊசி போட்டாங்களா?" என்றார்.

"கதைல இல்லீங்க."

"அதான் ஓநாயாப் பூட்டான். எனக்குப் போட்டுட்டாங்க." கொஞ்ச தூரம் போனபின், "அதனால உனக்கு இவ்ளோதான் கெடைச்சிருக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்து, டீக்கடை ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு நாய் எங்களைப் பார்த்து வந்தது. அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி அதுவரை, நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டதில்லை.

அந்த நாயை நான் அவசரப்பட்டுத் துரத்தவில்லை.