வேலி இலையை விற்ற ஆறு மாதம்

இருமல் மருந்து விற்பவனுக்கு இருக்கவேண்டிய முதல் தகுதி, அவன் இருமக் கூடாது என்பதுதான். எழுபதுகளின் கடைசியில், சேலத்தில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தேன். கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு சரக்கு: ஆடாதோடை இலைச் சாற்றைச் சர்க்கரைப் பாகோடு காய்ச்சி பாட்டிலில் அடைத்த மருந்து. ஆறு மாதம் தற்காலிகம். விற்பனை பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை நிரந்தரமான பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று பெண் வீட்டார் வேறு கறாராகச் சொல்லிவிட்டார்கள். தோல்பையோடு கடை கடையாக ஏறி, "அப்புறம் வாங்க" என்பதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சகோதரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

இட்லிக்குத் தொட்டுக்கொள்ள

முதல் வேட்டை ஜலகண்டாபுரம். தறிக்காரர்கள் ஊர், பஞ்சுத் தூசி, இருமலுக்குப் பஞ்சமிருக்காது என்று கணக்குப் போட்டுப் போனேன். மருந்துக் கடைக்காரர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் விடவில்லை. கம்பெனியில் உருப்போட வைத்த பாடத்தை ஒப்பித்தேன்: "கட்டின சளியை இளக்கும், மூச்சுக் குழாயைத் தளர்த்தும், தொண்டைக்கு இதம்."

அப்போது தலைவலி மாத்திரை வாங்க வந்த நெசவாளர் ஒருவர் நின்று கேட்டார். அவருக்கே பலத்த இருமல். சந்தோஷத்தோடு அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினேன். நக்கிப் பார்த்தார். முகத்தில் பெரிய ஏமாற்றம். கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு தோளில் இருந்தது, அதில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சொன்னார்:

"கசப்பே இல்லீங்களே! இதைய ஊட்டுல வெச்சா புள்ளைங்க இட்டிலிக்குத் தொட்டுக்குமுங்க."

பாவாயம்மாவின் வேலி

மருந்துக் கடைகள் கைவிட்ட பிறகு, மளிகைக் கடைகளையும் பாருங்கள் என்று மேனேஜர் கடிதம் போட்டார். ஓமலூர் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் பாவாயம்மா என்பவர் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் அவருடைய தோட்டம். நான் பாடத்தை ஒப்பித்து முடிக்கும்வரை அந்த அம்மா பருப்பு அளந்துகொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார்.

தோட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஆடாதோடை. ஆடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நட்டது. ஒரு பக்கம் மட்டும் மொட்டையாக நின்றது. போன வாரம் எங்கள் கம்பெனி லாரி வந்து மூட்டை மூட்டையாக அறுத்துக்கொண்டு போனதாம்! வேலை, ஆறு மாதக் கெடு, கல்யாணம் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். பாவம் பார்த்து இரண்டு பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்தார். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடவில்லை:

"ஏஞ்சாமி, எங்க வேலியவே காச்சி எங்களுக்கே வித்துப்போட்டு வரச் சொன்னாங்களா?"

நாமக்கல்லில் நல்ல வரவேற்பு

ஐந்தாவது மாதம் அதிசயம் நடந்தது. நாமக்கல்லில் ஒரு கடையிலிருந்து நான்கு பெட்டி ஆர்டர். பதினைந்தே நாளில் மறுபடி நான்கு. மேனேஜர் பாராட்டிக் கடிதம் எழுதினார். அப்படி யார்தான் இருமுகிறார்கள் என்று பார்க்க நாமக்கல் போனேன். கடைக்காரர் ஒரு கோழிப் பண்ணைக்கு வழி சொன்னார்.

பண்ணைக்காரர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். மழைக்காலத்தில் கோழிகளுக்கு மூச்சு இரைக்கிறதாம். தண்ணீர்த் தட்டில் எங்கள் மருந்தைக் கலந்துவிடுகிறாராம். எனக்குப் பகீரென்றது. "இது மனுசங்களுக்குங்க" என்றேன். "குணமாகுதுங்களா?" என்றும் பயந்துகொண்டே கேட்டேன். அவர் கோழிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அது தெரியலீங்க. ஆனா கோழி ஒண்ணுகூட இனிக்குதுன்னு குறை சொல்லலீங்க."

விற்பனை அறிக்கையில் நான் பொய் எழுதவில்லை. "பண்ணை வட்டாரத்தில் நல்ல வரவேற்பு" என்று மட்டும் எழுதினேன்.

மேனேஜர் வந்த நாள்

கடைசி வாரம். என்னை நிரந்தரம் ஆக்கலாமா என்று பார்க்க மேனேஜரே கூட வருவதாகச் சொன்னார். அந்த வாரம் பார்த்துத்தானா எனக்கு இருமல் பிடிக்க வேண்டும்! ஆறு மாதம் விழுங்கிய பஸ் தூசி. எங்கள் மருந்திலேயே இரண்டு பாட்டில் குடித்துப் பார்த்தேன், நாக்கு இனித்ததுதான் மிச்சம். வழி நெடுக வாயை இறுக மூடிக்கொண்டு வந்தேன். மேனேஜர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாவாயம்மா கடையில் "கட்டின சளியை இளக்கும்" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், பிய்த்துக்கொண்டு வந்தது இருமல். கண்ணில் நீர். கல்யாணம் போயிற்று என்றே நினைத்துவிட்டேன். மேனேஜர் முகம் சிவந்து, என்னைத் திட்ட வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து அவருக்கும் இருமல்தான் வந்தது. அவரும் அதே பஸ்ஸில்தானே வந்திருந்தார்!

பாவாயம்மா உள்ளே போய், ஆளுக்கு ஒரு டம்ளர் கஷாயம் கொண்டுவந்தார். எட்டிக்காய்க் கசப்பு. இருவரும் முகத்தைச் சுளித்துக் குடித்தோம். கொஞ்ச நேரத்தில் தொண்டை அடங்கியது. "என்ன மருந்தும்மா இது?" என்றார் மேனேஜர். "உங்க சீசால இருக்கறதேதானுங்க, சக்கரை மட்டும் போடலீங்க" என்றார் அந்த அம்மா. அலமாரியில் இரண்டு பாட்டில்களும் சீல் உடைக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பும் பஸ்ஸில், சேலம் நெருங்கியதும் மேனேஜர் என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, நாம ரெண்டு பேரும் இருமினதை ரிப்போர்ட்ல எழுத வேண்டாம்."

அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு வந்தது, தை மாதம் கல்யாணமும் ஆனது, அதன் பிறகு பதினோரு வருடம் அந்த இனிப்பு மருந்தை ஊரெல்லாம் விற்றேன் என்றாலும், எனக்கு இருமல் வந்தால் மட்டும் சத்தமில்லாமல் ஓமலூர் பஸ் ஏறிவிடுவேன்.