வரிக்குதிரைக் கோடும் வாட்டர் டேங்கும்

என் அக்கா புருஷனுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. பதினாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒன்பதாவது மாடி உயரத்தில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற ஆள். அந்தக் கம்பெனியை இழுத்து மூடியபோது கையில் கொடுத்ததை வைத்து ஒரு ட்ரோன் வாங்கினார். அன்றிலிருந்து அவர் தரையில் நிற்க, அது மட்டும் மேலே போனது.

"பொழப்பு இன்னும் உயரத்துலதான் மச்சான். விழுந்தா இப்ப அதுதான் விழும். நான் விழ மாட்டேன். இதுக்குப் பேருதான் முன்னேற்றம்" என்பார்.

அவர் பறக்கவிட்டு எடுப்பார். நான் வெட்டி ஒட்டி வீடியோவாக்கிக் கொடுப்பேன். எங்கள் ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டது, மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டுத் துணி காயும் பால்கனியை. எடிட்டிங் நடக்கும்போது ஈரத் துண்டு தலையில் சொட்டும். ட்ரோன் பேட்டரிகள் அடுப்படியில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறும். அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மாமாவை "வாங்க, போங்க" என்று முழு மரியாதையோடுதான் திட்டுவாள்.

முதல் பெரிய வேலை ஒரு பில்டரிடமிருந்து வந்தது. ஆறு மாடி அபார்ட்மென்ட், சுவரெல்லாம் பளீர் வெள்ளை. நிழல் விழுந்த முற்றத்தில் கிளம்பி, பால்கனிகளை ஒட்டியே மேலேறி, மொட்டைமாடியைத் தாண்டி வானத்தைக் காட்ட வேண்டும். மாமா வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓட்டினார். கேமராவின் வெளிச்சக் கணக்கை மட்டும் 'ஆட்டோ' என்று போட்டு அதன் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். "அதுக்கே மூளை இருக்கு, நடுவுல நாம எதுக்கு?" என்பது அவர் கட்சி. எடிட் செய்யும்போது வெளிச்சம் ஏறி இறங்குவதை நான் கவனித்தேன். சொன்னால் வேலை கூடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

விற்பனை அலுவலகத்தில் சுவர் அகலத் திரை. பில்டரின் சொந்தபந்தமெல்லாம் முன்வரிசையில். முற்றத்து இருட்டைப் பார்த்ததும் கேமரா வெளிச்சத்தை வாரி இறைத்தது, வெள்ளைச் சுவர் காணாமல் போனது. வானம் எட்டிப் பார்த்ததும் பயந்துபோய்க் குறைத்தது, கட்டடம் கரி பூசிக்கொண்டது. ஒவ்வொரு பால்கனிக்கும் ஒரு தடவை வெளுத்து, ஒரு தடவை கறுத்தது.

பில்டரின் அம்மா மகனின் தோளைத் தட்டினார். "ஏம்பா, நம்ம கட்டடத்துல கரண்ட் ஏன் போய்ப் போய் வருது?"

கூட்டம் சிரித்தது. பில்டர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் மாமாவுக்கு 'மின்மினி' என்று பெயர்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் போட்டுக் காட்டினோம். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"இத நீங்க எடுத்தீங்களா, இல்ல அதுவா எடுத்துக்கிச்சா?"

"ஆட்டோல போட்டேன். அதுவே பாத்துக்கும்னு..."

"நான் விரலுக்கு வைக்கிற அளவ முதுகெலும்புக்கு வெச்சா ஒண்ணும் தெரியாது. முதுகெலும்புக்கு வைக்கிறத விரலுக்கு வெச்சா படத்துல விரலே கருகிப் போயிடும். எதப் பாக்கணுமோ அதுக்கு அளவு வைக்கணும். உங்க மெஷினுக்கு நீங்க எதப் பாக்கறீங்கன்னு எப்படித் தெரியும்? அது என்ன உங்க மாமியாரா, மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிக்க?"

மாமாவுக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து மொட்டைமாடியே பள்ளிக்கூடம். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம், அக்காவின் வெள்ளைப் பெட்ஷீட் மறுபக்கம், பின்னால் வானம். மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவர முட்டி மோதினார்.

எங்கள் ட்ரோன் கேமராவின் கண் அகலத்தை மாற்ற முடியாது. மிச்சம் இரண்டு திருகாணிதான். ஒன்று ஐஎஸ்ஓ, அதை ஏற்றினால் படம் வெளிச்சமாகும், கூடவே புழுதி விழுந்தது போலப் புள்ளி புள்ளியாகவும் ஆகும். அதனால் பகலில் நூறிலேயே ஆணி அடித்துவிட வேண்டும். மற்றது ஷட்டர். வீடியோவுக்கு நொடிக்கு இருபத்தைந்து படம் என்றால், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால்தான் அசைவு கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் உச்சி வெயிலில் அவ்வளவு நேரம் திறந்தால் எல்லாம் சுண்ணாம்புதான். அதற்குக் கேமராவுக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். ஃபில்டர் என்று கடையில் விற்கிறார்கள்.

மாமா கடைக்குப் போகவில்லை. அக்காவின் கூலிங் கிளாஸை உடைத்து ஒரு துண்டை ஒட்டினார். பாரம் தாங்காமல் கேமரா தலையைத் தொங்கப்போட்டது, நிமிரவே இல்லை.

அக்கா வந்து பார்த்தாள். "அதுக்கே வெக்கமாப் போச்சு. உங்களுக்குத்தான் இன்னும் வரல."

கடைசியில் உண்மையான ஃபில்டர் வந்தது, அறுபத்துநாலில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவது. புதுக் கூலிங் கிளாஸும் வந்தது, அது அக்காவுக்கு. எங்கே வெளிச்சம் அளவு மீறுகிறதோ அங்கே திரையில் வரிக்குதிரை மாதிரி கோடு காட்டும் வசதியையும் மாமா கண்டுபிடித்தார். கோடு விழுந்த இடம் படத்தில் வெறும் வெள்ளை. பிறகு நான் எடிட்டிங்கில் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அங்கே ஒன்றும் மீளாது. இருட்டாகிப்போனதைக் கொஞ்சம் தூக்கிவிடலாம், வெளுத்துப்போனது போனதுதான்.

இந்த நேரத்தில்தான் நகரத்தின் குடிநீர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் பகுதிக்குப் புதிதாகக் கட்டி, தண்ணீரும் விடத் தொடங்கியிருந்த மேல்நிலைத் தொட்டியைச் சுற்றிப் படமெடுத்துத் தர வேண்டும். என்ஜினீயர் ஒரு அம்மாள், தொப்பியும் கைப்பையுமாக வந்திருந்தார். அவரோடு தொட்டியைக் கட்டிய கான்ட்ராக்டரும் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் ஒரே சிரிப்பு. தொட்டி முந்தின நாள்தான் வெள்ளையடித்தது போல மின்னியது.

மாமா முதல் சுற்றைப் பழைய பழக்கத்தில், ஃபில்டர்கூட மாட்டாமல், ஆட்டோவிலேயே எடுத்தார். பின்னால் அடர்ந்த மரங்கள். அந்த இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டியதில் தொட்டி முழுக்க வெண்ணிலவாய் ஜொலித்தது.

"அடடா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. இதையே குடுத்துடுங்க சார்" என்றார் கான்ட்ராக்டர்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. அதே வெள்ளை! உடனே கோடு காட்டும் வசதியைப் போட்டார். திரையில் தொட்டியின் உச்சி முதல் அடி வரை சாய்ந்த கோடுகள் ஊர்ந்தன.

எட்டிப் பார்த்த கான்ட்ராக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன சார் இது, இவ்ளோ விரிசலா? அதையெல்லாம் போன வாரமே பூசிட்டோமே!"

என்ஜினீயர் அம்மாள் தொப்பியைக் கழற்றினார்.

"எதையெல்லாம்?" என்றார்.

"இல்ல மேடம், நான் பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா எதப் பூசினீங்க?"

மாமா தலையைத் தூக்கவே இல்லை. ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஓடுகிற வீடியோவுக்குத்தான் அந்த ஐம்பது கணக்கு. நிற்கிற தொட்டியைப் போட்டோ எடுக்க எவ்வளவு வேகமும் வைக்கலாம். ஆயிரத்தில் ஒரு பங்கில் கோடுகள் பாதியாகின. இரண்டாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. மரங்கள் கறுத்துப் போயின, வானம் அழுக்கானது. வெள்ளைச் சுவர் மட்டும் சாம்பல் நிறத்தில் தன் தோலைக் காட்டியது. அதில் பூசிய திட்டுகள் தெரிந்தன. அடிவளையத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏணிக்குப் பக்கத்தில், பூச்சையும் மீறிக்கொண்டு ஒரு மெல்லிய கோடு ஓடியது. அது கேமரா போட்ட கோடு அல்ல.

கான்ட்ராக்டர் மாமாவைத் தனியாக ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார். நான் வயரைச் சுருட்டுகிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"சார், முதல்ல எடுத்தது எவ்ளோ பளிச்சுன்னு இருந்துச்சு! இது என்ன, ஒரே இருட்டு. நல்ல படம் இருக்கறப்போ மட்டமான படத்த எதுக்குக் குடுக்கணும்?"

"மட்டமான படமா?"

"பின்ன? யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

மாமா நேர்மைக்காகத்தான் மறுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவன் நான். அக்காவிடம் அத்தனை பாட்டு வாங்கி, கூலிங் கிளாஸை உடைத்து, மொட்டைமாடியில் தோலுரியக் காய்ந்து கற்ற ஒன்றை ஒரு ஆள் 'மட்டம்' என்கிறான். அதுதான் அவரைச் சுட்டது.

"அண்ணே, வெள்ளையாத்தான் வேணும்னா நீங்களே ஒரு வெள்ளத் தாளக் குடுத்துடுங்க. நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, எல்லாப் படத்தையும் என்ஜினீயர் அம்மாளின் லேப்டாப்பில் இறக்கினார். ஒவ்வொரு படத்திலும் ஷட்டர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று அதிலேயே பதிவாகியிருந்தது.

"விரிசல் எவ்வளவு அகலம்னு இதுல தெரியுமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"தெரியாதுங்க. பக்கத்துல அளவுகோல் வெச்சு எடுக்கணும்."

"யார் வைக்கிறது?"

மாமா ரிமோட்டை என் கையில் திணித்தார். வண்டியிலிருந்து பழைய லிஃப்ட் வேலைக்கான இடுப்பு பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் உயரத்தில் இருந்தார். நான் ட்ரோனை அவருக்கு எதிரே அந்தரத்தில் நிறுத்தினேன். அவர் அளவுகோலை விரிசலின்மேல் பிடித்தார். பிறகு விரலை வைத்துத் தடவிப் பார்த்து, கீழே குரல் கொடுத்தார்.

"ஈரமா இருக்குங்க!"

இறங்கி வந்தபின் அந்த விரலைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இதுக்குக் கீழ எத்தன வீடு இருக்கு மச்சான்" என்றார். அவர் கிண்டல் இல்லாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் தொட்டியைக் காலி செய்தார்கள். கான்ட்ராக்டர் தன் செலவிலேயே உடைத்துச் சரிசெய்ய ஒன்பது நாளானது. அதுவரை எங்கள் பகுதிக்கெல்லாம் லாரித் தண்ணீர்தான். அக்கா இரண்டு வாளியோடு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற அம்மாள் வயிறெரிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"எவனோ வெட்டிப்பய மேல எதையோ பறக்கவிட்டுக் கண்டுபுடிச்சானாம். நல்லா இருந்த தொட்டிய உடைக்க வெச்சுட்டான். அவன் கை விளங்குமா?"

"விளங்காதுங்க. அவனெல்லாம் வீட்டுக்கும் உபயோகமில்லாத ஆளாத்தான் இருப்பான்" என்று அக்காவும் சேர்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து வார்த்தை பிசகாமல் மாமாவிடம் ஒப்பித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்த வாளித் தண்ணீரில் முதல் சொம்பை அவருக்குத்தான் கொடுத்தாள்.

குடிநீர் அலுவலகம் இன்னும் பதினொரு தொட்டிகளை மாமாவிடமே ஒப்படைத்தது. நாலில் கோளாறு இருந்தது, நாலையும் மூடினார்கள். இப்போது பாதி நகரம் மாமாவைத் திட்டுகிறது. பெயர் தெரியாமல் திட்டுகிறார்களே என்பதுதான் அவருக்கு வருத்தம். பேரைச் சொல்லித் திட்டினால் விளம்பரமாவது ஆகியிருக்குமாம்.