தட்டிப் பார்க்காத கத்தி

1974-இல் சதுரங்கப்பட்டினத்தில் யோக்கியன் யார் என்று கேட்டிருந்தால் நான் என்னைத்தான் சொல்லியிருப்பேன். வேறு யாரும் சொல்லவில்லை என்பது தனிச் சங்கதி. நான் செங்கல்வராயன், கொல்லன். மீன் அரிகிற கத்தியை அவரவர் கைக்கு ஏற்றபடி அடித்துக் கொடுப்பது தொழில். கத்தியை வாங்கும்முன் தட்டிப் பாருங்கள், கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே கீறல் என்று குப்பத்துப் பெண்களுக்குப் பாடம் எடுத்தவனும் நானே.

மீன் ஆய்ந்து கொடுத்துப் பிழைக்கிற வேண்டா அக்கா ஒரு கத்தி கேட்டிருந்தாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம். அந்தக் கையில் சுண்டுவிரல் கிடையாது. எவனோ அடித்த கத்தி ஒடிந்து தெறித்ததில் போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்லியே நான் எத்தனையோ கத்தி விற்றிருக்கிறேன். மிச்சமுள்ள நாலு விரலுக்குப் பொருந்தும்படி புளியங்கட்டையில் பிடி செதுக்கினேன். பிடி போட்டு முடித்த பிறகுதான் தட்டிப் பார்த்தேன். மொத்தென்றது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தபோதே மயிரிழைக் கீறல் விட்டிருக்கிறது. அப்போதே தட்டியிருக்க வேண்டும். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாணயத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

மறுபடி அடிப்பதென்றால் பழைய லாரியின் வில்பட்டை இரும்பு வாங்கச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். எனக்குச் சோம்பல். வேண்டா அக்காவுக்கோ காது கேட்காது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். மற்றவர்கள் காதிலும் விழக்கூடாதென்று, படகுகள் கரையேறி ஏலம் கூவுகிற நேரமாகப் பார்த்துக் கத்தியைக் கொண்டுபோனேன். இந்த மூளையில் பாதியை உலையில் காட்டியிருந்தால் கத்தி கீறியே இருக்காது.

அவள் தட்டிப் பார்ப்பாள் என்று மட்டும் நினைத்தேன். அவள் அதையும் செய்யவில்லை. நாலு விரலால் பிடியைப் பற்றினாள், முகம் மலர்ந்தது. முன்னால் கிடந்த வஞ்சிரத்தின் தலையை வெட்டக் கையை ஓங்கினாள். பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கீறல் இருக்கிறது என்று மெதுவாகத்தான் சொன்னேன். இன்னா என்றாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் இன்னா என்றாள்.

"கத்தியில கீறல் வுட்டுக்கீதுக்கா. தெரிஞ்சேதான் உங்கைல குடுத்தேன்" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

ஏலம் நின்றுவிட்டது. கரையே என்னைப் பார்த்தது. என்னிடம் வாங்கியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கத்தியை எடுத்துத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேண்டா அக்கா கத்தியைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"நீ மொத தபா சொன்னப்பவே வாயப் பாத்துப் புரிஞ்சிகினேன் தம்பி. இவுங்க கைலயும் உன் கத்திதான கீது? அவுங்களுக்கும் கேக்க வாணாமா?" என்றாள்.