கோவிந்தம்மாள் ஓடிய பதினான்கு மாதங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவிந்தம்மாளின் மகன் சேகரின் அழைப்பு வந்தபோது நான் ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். அவன் அம்மாவோடு நடப்பதற்காகச் செங்கல்பட்டுக்குக் கிளம்பியிருந்தேன். "டீச்சர், நீங்க இன்னிக்கு வராதீங்க. அம்மா எழுந்திருக்கல" என்றான். காய்ச்சலா என்று கேட்டேன். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நம் பள்ளியில் படித்த, வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் கோவிந்தம்மாளைத் தெரியும். இருபத்தாறு வருடம் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். யார் குடுவையை உடைத்தாலும் முதலில் கையில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் திட்டுவார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஓட ஆரம்பித்ததைப் பார்த்து ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் ஓடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் கணவர் சென்னையில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். துணி எடுத்துப் போக வீட்டுக்கு வந்த கோவிந்தம்மாளுக்கு, உடனே வரச் சொல்லித் தகவல் வந்தது. செங்கல்பட்டு நிலையத்தில் படியிறங்கும்போதே வண்டி நகரத் தொடங்கிவிட்டது. பெண்கள் பெட்டிக்கு முப்பது அடி இருந்திருக்கும். பத்தடி ஓடுவதற்குள் மூச்சு அடைத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வண்டியில் போய்ச் சேர்ந்தபோது கணவரின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"வண்டிய குத்தம் சொல்ல முடியாது டீச்சர். என் காலு ஓடல" என்றார் என்னிடம். அந்த வண்டியைப் பிடித்திருந்தாலும் உயிரோடு பார்த்திருப்பீர்கள் என்பது நிச்சயமில்லையே என்றேன். "அது தெரியாததாலதான் தூக்கம் வரல" என்றார்.

காரியம் முடிந்த மறுமாதம் பள்ளி மைதானத்தில் தனியாக ஓட ஆரம்பித்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகனின் பழைய ஷூவில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு, ஒரு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. அவர் கதையைக் கேட்ட பிறகு துணைக்கு நானும் போனேன். எனக்கு நாற்பத்தேழு வயது. நாற்பது விநாடியில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா டீச்சர், மூச்சு வாங்குதா? வாங்கட்டும். உசுரோட கீறோம்" என்றார். அதன் பிறகு நான் நின்ற இடங்களிலெல்லாம் அதையே சொன்னார்.

பத்தாவது மாதம் மாமல்லபுரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தோம். வெயில் ஏறிவிட்டது. எல்லோருக்கும் கடைசியில் நாங்கள். ஓட்டம் முடியும் எல்லைக்கு வந்தபோது அங்கே கட்டியிருந்த வரவேற்பு வளைவைக் கழற்றி வேனில் ஏற்றிவிட்டார்கள்; பதக்கமும் தீர்ந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கோவிந்தம்மாள் வளைவு இருந்த இடம் எது என்று வேன்காரரிடம் கேட்டு, அந்த இடம் வரைக்கும் ஓடித்தான் நின்றார். பிறகு கடற்கரை மணலில் போய் உட்கார்ந்தார். முப்பது அடியை எத்தனை தடவை ஓடினாலும் அந்த வண்டி நிற்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கலாம். இனி சொல்வது தெரியாது.

அவர் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு கொளவாய் ஏரி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தோம். திடீரென்று நின்று தாடையைப் பிடித்துக்கொண்டார். இடது தோள் வரைக்கும் இழுக்கிறது என்றார். முகமெல்லாம் வியர்வை. போன வாரமும் இப்படி வந்ததாம். உடனே மருத்துவரிடம் போகலாம் என்று ஆட்டோவைக் கைகாட்டினேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கினார்.

"டீச்சர், இத வூட்ல சொல்லிடாதீங்க. பையன் என்னிய ஒக்கார வெச்சிடுவான். ஒக்காந்தா அந்த பெஞ்சுதான் ஞாபகம் வருது."

பள்ளியில் செய்முறைத் தேர்வு முடிந்ததும் மருத்துவரிடம் வந்துவிடுகிறேன் என்றார். சரி என்றேன். அதுவரை ஓடக் கூடாது, நடக்க மட்டும்தான் என்று நிபந்தனை போட்டேன். அது போதும் என்று நம்பினேன். சேகரின் எண் என் போனில் இருந்தது. பத்து நாளும் அழைக்கவில்லை.

சாவு வீட்டில் உறவினர்கள் ஓடி ஓடித்தான் உயிரை விட்டாள் என்றார்கள். தூக்கத்தில் மாரடைப்பு என்றார் மருத்துவர். ஏரி ஓரத்தில் நடந்ததை நான் அங்கே சொல்லவில்லை.

பதினாறாம் நாள் சேகரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "அப்பவே சொல்லிருக்கலாமே டீச்சர்" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு, அம்மா அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓடினார் என்று கேட்டான். அவனிடம் அவர் சொன்னதே இல்லையாம். ஆறு கிலோமீட்டர், நிற்காமல், என்றேன். தலையை ஆட்டிவிட்டு மீண்டும் நாற்காலிகளை அடுக்கப் போனான்.

இப்போது என்னால் அரைமணி நேரம் நிற்காமல் ஓட முடியும். அந்த மூச்சு கோவிந்தம்மாள் கொடுத்தது. அவர் என்னிடம் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு வாக்குறுதி. அதை நான் மீறியிருக்க வேண்டும். மீறாமல் காப்பாற்றியதையும் சேர்த்துத்தான் இனி நான் சுமக்க வேண்டும்.