பிளாங்கெட்டைத் துடைக்கும் வாக்கியம்

என் தங்கை பிளெஸ்ஸிக்குப் பொறுமை கிடையாது, எனக்கும் கிடையாது. ஆலங்குடியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஜெர்மன் அச்சு இயந்திரங்களின் கையேடுகளை ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் அவள் பிழைப்பு. ஜெர்மன் படித்தது திருச்சியில். பொண்ணு வீட்டில் சும்மாதான் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

வேலை கொடுக்கும் கம்பெனிக்கு ஒரே பாட்டு: ஆங்கிலம் இயல்பாக இருக்க வேண்டும், அச்சுக்கூடத்தில் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். மெஷினில் ஒரு பாகத்தின் ஜெர்மன் பெயருக்கு அகராதியோ 'ரப்பர் துணி' என்று சொல்லும். அதை எழுதினால் கம்பெனி எடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் அவளை பைக்கில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் பழைய ஜெர்மன் மெஷின் ஒன்று இருந்தது. ஓட்டுகிறவர் குளத்தூர்க்காரர் நிலவழகன். ரப்பர் துணி என்றதும் சிரித்துவிட்டார். உருளுகிற சிலிண்டரில் சுற்றியிருந்த ரப்பர் விரிப்பைத் தட்டிக்காட்டி, இதற்குப் பெயர் பிளாங்கெட், இதுதான் மையை வாங்கித் தாளில் வைக்கிறது என்றார்.

அதிலிருந்து பிளெஸ்ஸிக்கு ஒரு பழக்கம். எழுதியதைக் கொண்டுபோய்ச் சத்தமாக வாசிப்பாள், முதலில் ஆங்கிலம், உடனே தமிழ். நிலவழகன் அதன்படியே மெஷினில் செய்து காட்டுவார். அவர் கை தடுமாறினால் வாக்கியம் தப்பு என்று அங்கேயே திருத்துவாள்.

அன்றைக்கு மை அளவு பார்க்க மெஷினை ஓடவிட்டிருந்தார். சிலிண்டருக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பை, வேலை சுணங்குகிறதென்று முதலாளி எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருந்தார். பிளெஸ்ஸி அடுத்ததை வாசித்தாள்: "மெல்லிசு துணியால பிளாங்கெட்டத் தொடைக்கணும்ணே." மெஷினை நிறுத்த வேண்டும் என்பதை ஜெர்மன்காரன் அதற்கு அடுத்த வரியில் வைத்திருந்தான். அவள் அங்கே போவதற்குள் நிலவழகன் துணியை வைத்துவிட்டார். துணி உள்ளே போனது, கூடவே கையும் போனது. எலும்பு நொறுங்கிய சத்தம் மெஷினை மீறிக் கேட்டது. அடித்து வைத்த பத்திரிகைகள் மேலெல்லாம் ரத்தம். நான் பாய்ந்து சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். அந்த மனுஷன் முனகத்தான் செய்தார், கத்தியது பிளெஸ்ஸி.

ஓடிவந்த முதலாளி முதலில் பார்த்தது சிலிண்டரை. பிளாங்கெட் கிழிந்துவிட்டதே என்றார். விட்டேன் ஒரு அறை. உதடு கிழிந்து சுவரில் போய் மோதினார். இன்னொன்று கொடுக்காமல் வந்ததுதான் எனக்கு வருத்தம்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். நிலவழகனின் மனைவி இளமதி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். பிளெஸ்ஸியின் முடியைப் பிடித்திழுத்து மாறி மாறி அறைந்தாள். "படிச்சவளாம் படிச்சவ. நீ வாசிச்சுப் பாக்க எம் புருசன் கைதான் கெடச்சுச்சா?" நான் குறுக்கே போனேன்.

"விடுண்ணே, அடிக்கட்டும்," என்றாள் பிளெஸ்ஸி. நகம் கீறி அவள் கன்னத்தில் ரத்தம் கசிந்தது.

வீட்டுக்கு வந்தவள் சோறு தண்ணி இல்லாமல் கையேடு முழுவதையும் மாற்றி எழுதினாள். எந்த வேலையானாலும் மெஷினை நிறுத்து என்பதுதான் முதல் வரி. அப்புறம்தான் துணி, அப்புறம்தான் கை. கம்பெனி எடிட்டர் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டான். மூலத்தின் வரிசையைத் தொடக்கூடாதாம், ஆங்கிலம் துண்டு துண்டாக இருக்கிறதாம். மறுநாள் அச்சுக்குப் போகிறதாம். அவன் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லு என்று நான் வீடே அதிரக் கத்தினேன்.

பிளெஸ்ஸி குளத்தூருக்குக் கிளம்பினாள். கூடவே போனேன். இளமதி வாசலை மறித்து நின்றாள், வா என்று சொல்லவில்லை. அந்த வரி அப்படியே போனால் எந்தெந்த ஊர் பிரஸ்ஸிலோ இன்னும் கைகள் போகும், நிலவழகன் கையைப் படம் எடுத்து அனுப்பினால்தான் அந்த எடிட்டருக்கு உறைக்கும் என்று பிளெஸ்ஸி நின்றபடியே சொன்னாள். மறுபடி அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து நிலவழகன் வந்தார். கட்டைப் பிரித்துக் கையை நீட்டினார்.

"எடு தங்கச்சி. மொகம் மட்டும் வேணாம்."

பிளெஸ்ஸியால் முடியவில்லை. போன் நழுவிக் கீழே விழுந்தது.

இளமதி அதை எடுத்தாள். புருஷனின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, தையல் தெரியும்படி வெளிச்சத்துக்குத் திருப்பிப் படம் எடுத்தாள். போனை என் தங்கையின் கையில் திணித்தாள்.

"அனுப்பு. அடுத்தவ புருசனுக்காச்சும் வெரலு இருக்கட்டும்."